அடைக்கலமேரியின் மூன்றாவது வீச்சு

கம்பியின் நுனியில் மூன்று கிலோ இரும்புக் குண்டு. பிடியை இரு கைகளாலும் பற்றி, தலையைச் சுற்றி இரண்டு சுழற்று. பிறகு குண்டோடு சேர்ந்து தானும் இரண்டு சுற்று. அடைக்கலமேரி சம்மட்டி எறிய இப்படிச் சுழலத் தொடங்கினால் கோட்டையூர் மைதானத்தில் காலைநடை போகிறவர்கள் பாதையை மாற்றிக்கொள்வார்கள். முதல் நாள் நானும் ஓடத்தான் செய்தேன்.

வயது ஐம்பத்தேழு. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல். மகனின் பழைய டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு, ஜெபமாலையைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் கம்பியைத் தொடுவார்.

"குண்டு பிச்சுக்கிட்டுப் போகத்தான் பாக்கும் சார். நாமதான் உள்ளுக்கு இழுத்துப் பிடிக்கணும். எங்க வீட்டுக்காரரு மாதிரி."

இழுத்துப் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. விடுவதில்தான் வினை. வட்டமாகச் சுற்றும் குண்டு, விட்ட கணத்தில் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் நேராகப் பறந்துவிடும். இமைப்பொழுது தாமதித்தாலும், எறியும் வட்டத்தைச் சுற்றிக் கட்டிய வலையின் இடப்பக்கத்தில்தான் போய் அடிக்கும். "லேட்டா விடுறீக அக்கா" என்று பயிற்சியாளர் முத்துக்கண்ணன் ஒரு வருடமாகக் கரடியாகக் கத்துகிறார்.

"முப்பது வருசமா சுடுசோத்து அண்டாவ இறக்குன கை. நாச்சியாரு 'விடு'ன்னு சொன்னாத்தான் விடும்."

நாச்சியார் அவருடைய உதவியாளர். அண்டாவின் ஒரு காதை இவர் பிடிப்பார், மறு காதை அவர். தரை தட்டியதும் நாச்சியார் குரல் கொடுப்பார். இருவரும் ஒன்றாகக் கையெடுப்பார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மூத்தோர் மாவட்டப் போட்டி. பதினெட்டு மீட்டர் எறிந்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மூன்றே வாய்ப்பு, முதல் இரண்டும் வலையில். அடைக்கலமேரி முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்திருந்த நாச்சியாரை வலைக்கு வெளியே கூட்டிவந்து நிறுத்தினார்.

"குண்டு இந்த வட்டத்துக்கு வலக்கைப் பக்கம் வரும்போது சொல்லு."

சுழன்றார். "விடுக்கா" என்றார் நாச்சியார். கை விட்டது. பத்தொன்பது மீட்டர் இருபது. நான் வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

"மாநிலத்துக்கும் இவுகளக் கூட்டிட்டுப் போயிருவோம்" என்றார் முத்துக்கண்ணன், நாச்சியாரைக் காட்டி.

"அன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டு சார். ரெண்டு பேரும் போயிட்டா பிள்ளைகளுக்கு யாரு சோறாக்குறது?" என்றார் அடைக்கலமேரி.

சான்றிதழ் வாங்கக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. குண்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு, ஆள் ஒழிந்திருந்த வட்டத்துக்குள் மறுபடி நின்றார். நாச்சியாரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பிடியைப் பற்றினார்.