இறகுத் தண்ணியும் பச்சமுத்து மீசையும்

நைனார்பாளையத்தில் பச்சமுத்து கறிக்கடை என்றால் சின்னசேலம் வரைக்கும் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஒற்றைக் கூடைக் கோழியோடு தொழிலுக்கு வந்தவர். இன்றைக்கு அவருக்குக் கடை இருக்கிறது, கரும்புக் கொல்லை இருக்கிறது, மீசை இருக்கிறது. இதில் பெரிய சொத்து எது என்று கேட்டால் கை தானாக மீசைக்குத்தான் போகும்.

கோழி உரித்தால் இறகு மிஞ்சும். கடைக்குப் பின்னால் குவிந்த இறகை நாய்கூட முகராது. கொளுத்தினால் ஊரே மூக்கைப் பிடிக்கும். தங்கச்சி மகள் எழில்மதி கள்ளக்குறிச்சியில் நுண்ணுயிர்ப் படிப்பு படிக்கிறவள். குவியலுக்கு அடி மண்ணைக் கிளறி எடுத்துப் போய், அதிலிருந்து ஒரு கிருமியை வளர்த்துக் கொண்டுவந்தாள்.

“மாமா, இது கெரட்டினேஸ்னு ஒரு நொதிய விடும். இறகுல இருக்கிற கெரட்டின அது கரைச்சிடும். கரைஞ்ச தண்ணி பயிருக்கு நல்ல சத்து.”

“கெரட்டினா? இன்னா அது?”

“நம்ம முடி, நகம், மாட்டுக் கொம்பு எல்லாத்துலயும் அதான் மாமா இருக்கு.”

சிமென்ட் தொட்டியில் ஊறிய இறகு சில நாளில் கஞ்சியாகக் குழைந்தது. பச்சமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. டீக்கடையில் போய் முழங்கினார்: “என் தொட்டிக் கிருமி மாட்டுக் கொம்பையே மென்னுடும்யா! தலமுடியெல்லாம் அதுக்கு சேமியா!”

நுணலும் தன் வாயால் கெடும். மறுநாள் அந்தத் தண்ணியைக் கரும்புத் தூரில் ஊற்ற வந்த பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“எம் பொண்ணுக்குக் கண்ணாலம் வெச்சிக்கினு கீறேன் மொதலாளி. மொட்டத் தலையோட பந்தல்ல நிக்கவா?” என்றாள் செவ்வந்தி.

“தண்ணி நிறைய கலந்தாச்சுக்கா. மேல பட்டாலும் கழுவிட்டா ஒண்ணும் ஆவாது” என்றாள் எழில்மதி.

“அப்ப மொதலாளி மீசைய முக்கட்டும்!”

சொந்தக் கொல்லையிலேயே ஊற்ற ஆளில்லை என்றால் வெளியில் விற்கப் போனால் எவன் வாங்குவான்? பச்சமுத்து வரப்பில் மண்டியிட்டார். இறகுத் தண்ணி ஊற்றி வைத்த பேசினுக்குள் மீசையை முக்கினார். குடலைப் பிடுங்கும் நாற்றம். மூச்சு முட்டும்வரை இருந்துவிட்டுக் கம்பீரமாக நிமிர்ந்தார்.

மீசை வெள்ளை வெளேர் என்றிருந்தது.

“ஐயோ, கொட்டலடி, நரைச்சிடுச்சு!” பெண்கள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

கூழ்ச் சட்டியோடு வந்த மனைவி ராணியம்மாள் பேசினை எட்டிப் பார்த்தாள். மேலே கறுப்பாக மிதந்ததை விரலால் தொட்டுத் தேய்த்தாள்.

“அடப்பாவி மனுசா! இது என் கண்மையாச்சே! டப்பா டப்பாவா காணாம போவுதேன்னு மருமவள ஏசிக்கினு கிடந்தேனே!”

போனவர்கள் திரும்பி நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராணியம்மாளுக்குக் கோபம் அடங்கவில்லை. மீசையைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். ஒரு முடிகூடக் கையோடு வரவில்லை.

“நல்லா கெட்டியாத்தான் கீது. ஊத்துங்கடி!”

பச்சமுத்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “பாத்தீங்களா? இந்த ஜில்லாவுல வேற எவன் மீசையாவது இந்தப் பரீச்சைல தேறுமா?”

“தேறாது மொதலாளி” என்று செவ்வந்தி முதல் குடத்தைத் தூரில் சாய்த்தாள். “நாத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. காத்துக்கு அந்தப் பக்கமா போய் நில்லுங்க.”