கிட்டாருக்கு ஆறு புதுக் காதுகள்

என் கணவரை ஃபேன் தொழிற்சாலையில் எல்லாரும் "டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய பட்டமில்லை. ஓடுகிற மோட்டார்மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, அதன் பிடியை வலது காதில் ஒட்டிக்கொண்டு, "இது தேறும், இது தேறாது" என்று சொல்வதுதான் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவருடைய வேலை. அவர் தலையாட்டினால்தான் ஃபேன் பெட்டிக்குள் போகும். வீட்டில் மட்டும் நான் கூப்பிடுவது டாக்டர் காதில் விழாது. எந்த வீட்டு ஆம்பளைக்குத்தான் விழுகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

நாள் முழுக்க உர்ரென்ற சத்தத்தையே கேட்கிறவருக்கு, ஐம்பது வயதை நெருங்கும்போது பாட்டு ஆசை வந்தது. கூட வேலை செய்கிறவர் தன் மகன் கற்றுக்கொண்டு கைவிட்ட எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொடுத்தார். புதிதாகப் படிக்கிறவர்களுக்கென்று செய்த மலிவுச் சரக்கு. அதன் தலையில் கம்பியை முறுக்கும் ஆறு சாவிகளுக்கு எங்கள் வீட்டில் காது என்று பெயர். வாங்கிய நாளிலிருந்து அவர் அவற்றைத் திருகிய திருகல், எந்த வாத்தியார் கையிலும் எந்தப் பிள்ளையும் பட்டிருக்காது.

இந்த வருஷம்தான் தொல்லை ஆரம்பித்தது. அவர் மேசைக்கு வரும் மோட்டாருக்கெல்லாம் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்ற ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். அவள் வந்த நேரமும் இவருக்கு மோட்டார்கள் முனக ஆரம்பித்த நேரமும் ஒன்றாகப் போய்விட்டது.

"கை சுத்தமே இல்ல. பாதிக்குமேல தேறல" என்று சாப்பிடும்போதெல்லாம் புலம்புவார். புலம்பல் சூப்பர்வைசர் வரைக்கும் போய், திங்கட்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புவதாக முடிவாகிவிட்டது. கைக்குழந்தைக்காரி.

வீட்டில் கிட்டாரும் சுருதி சேரவில்லை என்றார். "காது கெட்டுப்போச்சு, மாத்தணும்." கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள், "எனக்கு நல்லாதானேப்பா கேக்குது" என்றாள். கொஞ்ச நாளாகவே அவர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு, டிவிக்கு இடது பக்கத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதற்கும் காதை ஒரு தடவை காட்டிவிட்டு வரலாம் என்றேன். "டாக்டருக்கே டாக்டரா?" என்று சிரித்துத் தட்டிக்கழித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு புதுக் காதுகளை வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்துக் கிட்டாரைப் படுக்க வைத்தார். கழுத்தை நான் பிடித்துக்கொண்டேன். பழைய காதுகள் லொடலொடவென்று ஆடிக்கொண்டு வந்தன. பல்சக்கரம் தேய்ந்து வெளியே தெரிந்தது. எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா? பழுது இதிலேயே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

புதிய காதுகள் கொஞ்சம் பருமன். ஓட்டைக்குள் நுழையவில்லை. டிரில் போட்டால் மரம் சிலும்பிவிடும் என்று பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி, ஒவ்வொரு ஓட்டையாகத் தேய்த்துத் தேய்த்து அகலமாக்கினார். குட்டி ஸ்க்ரூக்கள் முறியாமல் இறங்க அவற்றைச் சோப்பில் குத்தி எடுத்தார். இரும்பு ஸ்கேலை வைத்து ஆறையும் ஒரே வரிசையில் நிறுத்தினார். கையில் ஒரு நடுக்கம் இல்லை. இந்த மனுஷனுக்கா ஏதாவது ஆகப்போகிறது என்று எனக்கே நம்பிக்கை வந்தது.

புதுக் கம்பிகளும் ஏறின. சுருதி காட்டும் சின்ன மிஷினைத் தலையில் கவ்வவிட்டு முறுக்கினார். சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். ஆறுக்கும் பச்சை எரிந்தது. ஒரு தடவை எல்லாக் கம்பியையும் சேர்த்து மீட்டினார். முகம் கோணியது.

"சேரல."

"சேர்ந்திருக்குப்பா" என்றாள் மகள்.

"மிஷின் பொய் சொல்லுது." பச்சை போய்ச் சிவப்பு வந்த பிறகும் மெல்லிய கம்பியை முறுக்கிக்கொண்டே போனார். நான் வேண்டாம் என்பதற்குள் அது அறுந்து அவர் புறங்கையில் கோடு போட்டது.

அவர் கையைப் பார்க்கவில்லை. பக்கத்துக் கம்பியைத் தட்டி, வலது காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். அதே கம்பியை மறுபடி தட்டி, இடது காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். இன்னொரு தடவை. மோட்டாரை அவர் இப்படித்தான் சோதிப்பார் போலிருக்கிறது, அவ்வளவு நிதானம்.

"ஒரே கம்பி. ரெண்டு காதுலயும் வேற வேறயா கேக்குது" என்றார். "வலது பக்கம் முனகுது."

மகள் அழ ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"நாளைக்கே காதைக் காட்டிட்டு வரலாம். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

"அந்தப் பொண்ணு?"

"அவ சின்ன வயசு, வேற இடம் கிடைக்கும். உங்களுக்கு இனிமே யாரு வேலை குடுப்பா?"

சொன்னேன்தான். நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஒரு வீட்டை நடத்திப் பார்த்தால் தெரியும்.

அவர், "எத்தனை நல்ல மோட்டாரத் தள்ளி வச்சேனோ" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். பழக்க தோஷம், வலது காதில்தான் வைத்தார்.

"சார், அந்தப் பொண்ணு வேலையில குறையே இல்ல. குறை என் காதுலதான். அவளை அனுப்பிடாதீங்க... என்ன சார்? கேக்கல சார்... இன்னொரு தடவை சொல்லுங்க."

போனை இடது பக்கம் மாற்றிப் பிடிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. என்னிடம் நீட்டினார். "என்ன சொல்றாருன்னு கேட்டுச் சொல்லு."

வாங்கினேன். சூப்பர்வைசர் கெட்டவரில்லை. பேச்சிலேயே சங்கடம் தெரிந்தது.

"இப்பவாவது சொன்னாரே, நல்லதாப் போச்சும்மா. அந்தப் பொண்ணு இருக்கட்டும். டாக்டரை மட்டும் நாளையிலேர்ந்து வர வேணாம்னு... நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க."

போனை வைத்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்குவமாகச் சொல்வதென்றால் மெதுவாகச் சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னேன். "என்ன?" என்றார். அவருடைய இடது பக்கம் போய் நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னேன்.