முதலில் எண்ணெய், அப்புறம்தான் மாப்பொடி

எங்கள் வீட்டில் ஸ்க்ராப் என்றால் ஒரே அர்த்தம்தான். என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து ஓட்டுகிறார். இரும்பைக் கடையும்போது சுருள் சுருளாகக் கீழே விழுமே, அந்தப் பிசிறுக்குப் பேர்தான் ஸ்க்ராப். அதனால், கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது எங்கள் பெண், "ம்மா, பார்லர்லாம் வேணாம், நான் ஊட்லயே ஸ்க்ரப் செஞ்சு போட்டுக்கிறேன்" என்று சொன்னதும், நான் அவரிடம் போய், "பொண்ணு ஸ்க்ராப் போடணுமாங்க" என்றேன். அவரும் பொறுப்பாகத் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் நெமிலிச்சேரி வீட்டு வாசலில் மூன்று சக்கர வண்டியோடு பழைய இரும்புக்காரர் வந்து நிற்கிறார். கையில் தராசு.

"அண்ணாத்தே சொன்னாரு. ஸ்க்ராப் எத்தினி கிலோ கீதும்மா?"

அந்த நேரம் பார்த்து எங்கள் பெண் முகம் பூராவும் சர்க்கரையும் காப்பித்தூளுமாக அப்பிக்கொண்டு வெளியே வந்தாள். இரும்புக்காரர் ஒரு நிமிஷம் பார்த்தார். "இன்னா பாப்பா, சேத்துல உயுந்துட்டியா?" என்றார்.

"நைனா, இதுதான் நான் சொன்ன ஸ்க்ரப்பு. ஒடம்புல தேச்சு அழுக்கு எடுக்கிறது. கிச்சன்ல கீறத வச்சே செய்யலாம்" என்று அவள் அப்பாவிடம் விளக்கினாள்.

"போடணும்னா எடைக்குப் போடுறதுன்னு நெனச்சேன்" என்றார் அவர். இரும்புக்காரருக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து அனுப்பினோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. ஆனால் அழுக்கு எடுக்கிறது என்று அவள் சொன்ன வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது.

காரணம் இருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று இவர் தட்டை மாற்றும்போது கையைத் தட்டுக்கு அடியிலேயே வைத்திருந்தார். மற்ற நேரமெல்லாம் கைமேல் துண்டு. லேத்து எண்ணெயும் கிரீஸும் ஏறி ஏறி அவர் விரல் வெடிப்பெல்லாம் கறுப்பு. சோப்பு போட்டாலும் போகாது, துணி சோப்பு போட்டாலும் போகாது. முகப்பேரில் இருக்கும் சம்பந்தி வீட்டார் நல்ல மனுஷர்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர் என்னிடம் சொன்னார்.

"தாரை வாக்கிறதுக்கு உன் தம்பிய நிக்க வச்சிக்கலாம்மே. அவன் துணிக்கடைல கீறவன், கை சுத்தமா கீது. வீடியோக்காரன் கிட்ட வந்து எடுப்பான். என் கை வேணாம்."

எங்கள் பக்கம் தாரை வார்ப்பது என்றால், பெண்ணின் கையை அப்பா பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க, அம்மா மேலே தண்ணீர் விட வேண்டும். அப்பா கல்லுக்குண்டு மாதிரி மண்டபத்தில் உட்கார்ந்திருக்க, மாமன் அதைச் செய்தால் ஊர் என்ன நினைக்கும் என்பதுகூட ரெண்டாவது. பெண் என்ன நினைப்பாள்? இவரோ ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிட்டேன். பெண் மீதி வைத்திருந்த காப்பித்தூளையும் சர்க்கரையையும் தண்ணீர் விட்டுக் குழைத்து அவர் கையில் தேய்த்தேன். வெடிப்புக்குள் காப்பித்தூள் போய் உட்கார்ந்துகொண்டு, முன்னைவிடக் கறுப்பு.

"கிரீஸ் பத்தலன்னு டிகாஷன் வேறயா?" என்றார்.

செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழமும் கல்லுப்பும். பாத்திரம் பளபளக்கும், கை பளபளக்காதா என்று நினைத்தேன். இரும்புப் பிசிறு கிழித்த காயம் அவர் கையில் எப்போதும் ரெண்டு மூன்று இருக்கும் என்பதை மறந்துபோனேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஊஃப் ஊஃப் என்று ஊதினார். அன்றைக்குச் சாம்பார் சாதத்தை ஸ்பூனில் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "உட்றும்மே, தம்பிகிட்ட சொல்லிடு" என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை தெருக்கோடி அம்மனுக்கு அபிஷேகம். வாராவாரம் போகிறவள்தான் நான், வாராவாரம் பார்ப்பதுதான். அன்றைக்குக் கண்ணை மூடாமல் பார்த்தேன். பூசாரி முதலில் அம்மன் மேல் நல்லெண்ணெயை விட்டார். தண்ணீர் விடவில்லை. அந்த எண்ணெய் மேலேயே மாப்பொடியைக் காய்ந்த பொடியாகவே போட்டு உருட்டித் தேய்த்தார். விளக்குப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் மாவோடு திரண்டு வந்தது. அதற்கு அப்புறம்தான் குடம் குடமாகத் தண்ணீர். கல் பளிச்சென்று கண் திறந்த மாதிரி இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் எடுத்த எடுப்பிலேயே தண்ணீர் விட்டுக் குழைத்திருக்கிறேன். எண்ணெய் அழுக்குக்கு முதலில் எண்ணெய் அல்லவா போக வேண்டும்? தாயே, இத்தனை வருஷம் கண்ணெதிரே செய்து காட்டியிருக்கிறாய், இந்த மரமண்டைக்கு இப்போதுதான் ஏறியது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். குங்குமத்தைக்கூட ஒழுங்காக வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

பச்சரிசி மாவு சலித்தால் சல்லடையில் கப்பி நிற்குமே, அதை ரெண்டு கை எடுத்தேன். பயத்தம்பருப்பை மிக்ஸியில் நறநறவென்று ஒரு சுற்று. சர்க்கரையைப் பாதி பொடித்து, பாதி அப்படியே. எல்லாம் காய்ந்த பொடி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இவர் ரயிலை விட்டு இறங்கி வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் உட்கார வைத்துவிட்டேன்.

நல்லெண்ணெயைக் கை நிறைய விட்டு வெடிப்பு வெடிப்பாக ஊற விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அதன்மேலே பொடி. தேய்க்கத் தேய்க்க, கறுப்புக் கறுப்பாகத் திரி திரியாக உருண்டு பேப்பர்மேல் விழுந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"எங்க கத்துகினு வந்த?" என்று கேட்டார். சொன்னேன்.

"அப்போ என்னயே அம்மனாக்கிட்ட. அப்படியே பொடவையும் கட்டி உட்டுடு."

"சாமி விஷயத்துல வெளையாடாதீங்க" என்றேன். ஆனால் நானும் சிரித்துவிட்டேன். மனசுக்குள் மட்டும், தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள் தாயே என்று சொன்னேன்.

அதிலிருந்து தினமும் சாயந்திரம் அதுதான் வேலை. ஒரு டப்பா பொடிதான், அதிலேயே பெண்ணும் எடுத்து முழங்கை, முழங்கால் எல்லாம் தேய்த்துக்கொள்வாள். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் அவளே அப்பா கையைப் பிடித்து உட்கார்ந்தாள். தேய்த்துக் கழுவித் துடைத்துவிட்டு, "நைனா, ரேகை தெரியுது பாரு" என்றாள்.

"இன்னா ரேகை?"

"ஆயுள் ரேகை நீட்டா கீது. புத்தி ரேகையத்தான் தேடிகினு கீறேன்."

அவள் மண்டையில் லேசாகத் தட்டினார். அப்புறம் அந்தக் கையைத் தானே வெளிச்சத்தில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாரை பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். தம்பியிடம் மட்டும், எதற்கும் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு வா என்று சொல்லி வைத்தேன்.

மண்டபத்தில் ஐயர், "பொண்ணோட அப்பா, அம்மா வாங்கோ" என்று கூப்பிட்டார். நான் சொம்போடு எழுந்தேன். என் தம்பி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். இவர் அவன் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"நீ குந்து மச்சான்."

துண்டை மடித்து நாற்காலியில் போட்டுவிட்டு மேடைக்கு வந்தார். நகக்கணுவில் இன்னும் மை தீட்டின மாதிரி கறுப்புக் கோடு இருந்தது. எந்தப் பொடிக்கும் அது போகவில்லை. அந்தக் கையாலேயே பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தார். நான் தண்ணீர் விட்டேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்ததில் சொம்பே சரியாகத் தெரியவில்லை.

வீடியோக்காரர் குனிந்து பார்த்து, "ஐயா, உங்க கை பொண்ணு மெஹந்திய மறைக்குது. கொஞ்சம் எடுத்துக்கோங்க" என்றார்.

"மறைக்கட்டும்பா, எடு" என்றார் இவர்.