சாக்பீஸ் பாதங்கள்

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இதில் ஒரு வரிகூட நான் கட்டிச் சொல்லவில்லை. இருட்டில் நடந்ததும் இல்லை. மழைநாள்தான், ஆனால் பகல். ஜன்னல் திறந்திருந்தது. கீழே தெருவில் ஆட்கள் குடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். சாட்சிக்கு என் தங்கை இருக்கிறாள். இன்றைக்கும் அவள் எங்கேயும் ஓரிடத்தில் நிற்கமாட்டாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட நடந்துகொண்டே இருப்பாள்.

நான் ஓவியம் வரைகிறவள். அது என் முதல் தனிக் கண்காட்சி. மற்ற படங்களெல்லாம் சட்டம் போட்டு கேலரிக்குப் போய்விட்டன. நடுச் சுவருக்கான பெரிய படம் மட்டும் பாக்கி. என் வீட்டில் அந்த கேன்வாஸை நிமிர்த்தி வைக்கவே கூரை போதாது. அதனால் மாஸ்டரின் பழைய ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்தேன்.

அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். பெரிய ஓவியர். முழங்கால் தேய்ந்து மாடி ஏற முடியாமல் போனதால் ஸ்டூடியோவைப் பூட்டி வைத்திருந்தார். சாவியைக் கொடுத்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மேடைய மட்டும் நல்லா துடைச்சிடும்மா."

மேடை என்பது மாடல் நிற்கும் மரப்பலகை. தரையிலிருந்து ஓர் அடி உயரம் இருக்கும். அதன்மேல் சாக்பீஸால் வரைந்த இரண்டு பாதங்கள் இருந்தன. சின்னப் பாதங்கள், பெண்ணுடையவை. இதில் பயப்பட ஒன்றுமில்லை. எந்த ஸ்டூடியோவிலும் இதைப் பார்க்கலாம். ஒரே நிலையில் யாராலும் வெகுநேரம் நிற்க முடியாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி, கை காலை உதறிவிட்டு வரவேண்டும். திரும்பி வரும்போது ஒரு விரல் அகலம் தள்ளி நின்றாலும் போச்சு. நிழல் மாறிவிடும், உடை மடிப்பு மாறிவிடும். அதனால் முதல் தடவை நிற்கும்போதே பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுவிடுவோம்.

ஈரத்துணியால் துடைத்தேன். போய்விட்டது. பலகை காய்ந்ததும் திரும்பத் தெரிந்தது. அதற்கும் காரணம் உண்டு. சாக்பீஸ் தூள் மரத்தின் நரம்புக்குள் இறங்கியிருக்கும், நனைந்தால் மறையும், காய்ந்தால் வெளுக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் வந்து பார்த்தால் கோடு இன்னும் பளிச்சென்று இருந்தது. விரலால் தொட்டேன். தூள் ஒட்டியது. புதுத் தூள்.

"இது உன் வேலைதானேடி?" என்று தங்கையைக் கேட்டேன். அவள்தான் எனக்கு மாடல். கல்லூரி விடுமுறை, பேச்சுக்குப் பஞ்சமில்லாதவள்.

"ஆமா, எனக்கு வேற பொழப்பில்ல. ராத்திரி சுவரேறிக் குதிச்சு வந்து உனக்குக் கோலம் போட்டுட்டுப் போறேன்." செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோடுகளுக்குள் காலை வைத்தாள். "அக்கா, பாரேன்! எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு."

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. கட்டைவிரல் முதல் குதிகால் வரை இம்மி பிசகவில்லை.

வேறு இடத்தில் புதிதாகக் கோடு போட்டுப் பார்த்தேன். வெளிச்சம் சரியாக விழவில்லை. மூக்கு நிழல் உதட்டை விழுங்கியது. பழைய கோட்டில் நிறுத்தினால் முகத்தின் பாதியில் பால்போல வெளிச்சம் வந்து நின்றது. எந்த ஓவியராக இருந்தாலும் நான் செய்ததைத்தான் செய்திருப்பார்.

அந்தக் கோட்டிலேயே நிறுத்தினேன்.

ஜன்னல் சட்டத்தைப் பிடிக்கப் போவதுபோல வலது கையைத் தூக்கிக்கொண்டு, வெளியே பார்த்தபடி நிற்கவேண்டும். அதுதான் போஸ். மூன்று மணிக்கு ஆரம்பித்தோம். மழை பிடித்துக்கொண்டது. கேலரி நடத்தும் மேடத்திடமிருந்து போன் வந்தது.

"படம் எங்கம்மா? நடுச் சுவர் மொட்டையா நிக்குது. பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கு."

"ரெண்டே நாள், மேடம்."

"போன வாரமும் இந்த ரெண்டு நாள்தான் சொன்ன."

தங்கை மேடையிலிருந்தே களுக்கென்று சிரித்தாள். அவள் அன்று சிரித்தது அதுதான் கடைசி.

இருபது நிமிடம் ஆனது. தூரிகையைக் கீழே வைத்தேன்.

"போதும், இறங்கு."

அவள் இறங்கவில்லை.

"டீ போடவா?"

நிமிர்ந்து பார்த்தேன். அவள் தலை ஜன்னல் பக்கமே இருந்தது. கண் மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது.

"அக்கா... இறங்க முடியல."

"விளையாடாத."

"சத்தியமா முடியலக்கா. காலு வரல."

மாடல்களுக்கு இப்படி ஆவதுண்டு. முழங்காலை விறைத்துக்கொண்டு நின்றால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். மரத்துப்போகும், தலை சுற்றும், சிலர் அப்படியே விழுந்துவிடுவார்கள். அதுதான் என்று நினைத்தேன். மேடையில் ஏறி அவள் கணுக்காலைப் பிடித்துத் தேய்த்தேன்.

ஐஸ் மாதிரி இருந்தது.

இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். ஒல்லிப் பெண், சின்ன வயதில் முதுகில் சுமந்து திரிந்திருக்கிறேன். அசையவில்லை. பலகையோடு சேர்த்து ஆணி அடித்ததுபோல நின்றாள். தூக்கிய கையை இறக்கப் பார்த்தேன். என் முழு எடையையும் கொடுத்துத் தொங்கினேன்.

இறங்கவில்லை.

கோட்டை அழித்தால்? துணியை நனைத்துத் தேய்த்தேன். மறைந்தது. என் கண் முன்னாலேயே, ஈரப்பலகையின் மேலேயே, வெள்ளைக் கோடு மெதுவாக ஊறி வந்தது...

"அக்கா, யாரோ என் பக்கத்துலேர்ந்து இறங்கிப் போனாங்க."

"யாரு?"

"தெரியல. அந்தப் பக்கம்."

கண்ணால் கதவைக் காட்டினாள். கதவருகே யாரும் இல்லை.

கேன்வாஸைத் தாங்கும் என் ஈஸலில் ஒரு கைக்கண்ணாடி தொங்கும். வரைந்துகொண்டே இருந்தால் தப்பு கண்ணுக்குப் பழகிவிடும். படத்துக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணாடியில் பார்த்தால் இடம் வலமாகிவிடும், கோணல் உடனே தெரிந்துவிடும். எதற்கு என்று இப்போதும் தெரியாது, அந்தக் கண்ணாடியை எடுத்துத் திரும்பி நின்று பார்த்தேன்.

படம் தெரிந்தது. மேடை தெரிந்தது. மேடையில் என் தங்கை.

கதவருகே இன்னொரு பெண்.

முதுகு மட்டும்தான் தெரிந்தது. வெறுங்கால். வலது கையை உதறிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் தூக்கி வைத்த கையை, மாடல்கள் எல்லோரும் உதறுவார்களே, அப்படியே...

உதறி முடித்தாள். தோளைச் சுழற்றிக்கொண்டாள்.

வெளியே போனாள்.

படிக்கட்டில் சத்தம் கேட்டது. தப்... தப்... தப்... ஈரப் பாதம். அவசரமே இல்லை.

மாஸ்டருக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்துவிட்டு ஓடிப்போய் தங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் உதடு வெளுக்க ஆரம்பித்திருந்தது.

"மாஸ்டர், இந்த மேடையில யார் நின்னா?"

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"கோட்ட அழிக்கச் சொன்னேனே."

"அழிக்க அழிக்க வருது! என் தங்கச்சி அதுல நிக்கிறா. இறங்க முடியல."

"எவ்வளவு நேரமா?"

"ஒரு மணி நேரமாச்சு!"

"நீ வேற... எதுக்கு அங்க நிறுத்தின? அந்த இடத்துல வேற ஆள் நின்னா அவ..."

அவர் வீட்டில் அழைப்பு மணி அடித்தது.

"திறக்காதீங்க," என்றேன்.

"நான் திறக்கல."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

பிறகு ஒரு சத்தம். கரகரவென்று. எனக்கு அது நன்றாகத் தெரியும். வழவழ தரையில் சாக்பீஸ் வளைந்து போகும் சத்தம். ஒரு வளைவு. நின்றது. இன்னொரு வளைவு.

"அசையாதீங்க, மாஸ்டர்."

பெண் குரல். அடக்கமான குரல்.

அதன்பிறகு தாளில் படம் வரையும் கரித்துண்டு உரசும் சத்தம். சர்ர்... சர்ர்... சர்ர்...

"கை வலிக்குதும்மா," என்றார் மாஸ்டர்.

"இன்னும் கொஞ்சம்."

"முழங்கால் தாங்காது. உக்காந்துக்கிறேன்..."

"வெளிச்சம் நல்லா இருக்கு, மாஸ்டர். இன்னும் கொஞ்சம்."

சர்ர்... சர்ர்...

அவர் அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் விசும்பி விசும்பி அழுதார். கரி நிற்கவில்லை.

"நீங்களும் இதையேதான் சொன்னீங்க," என்றாள் அவள்.

நான் வேறு ஒரு போனைத் தேடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. தங்கையை விட்டால் விழுந்துவிடுவாள் என்ற ஒரே பயம். அவள் மூச்சு சின்னச் சின்னதாக வந்தது. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அவள் கண் செருகியது.

கத்தினேன்.

"அம்மா, நீ யாரோ, எனக்குத் தெரியாது. அவர என்ன வேணா பண்ணு. இவ என் தங்கச்சி. இவ உனக்கு ஒண்ணும் பண்ணல. செத்துருவா. இவளை விட்டுடு!"

கரி நின்றது.

மழை மட்டும் கேட்டது.

"நின்னதுக்கு நன்றின்னு உன் தங்கச்சிகிட்ட சொல்லு," என்றது குரல். "இறங்கட்டும்."

தங்கை அப்படியே சரிந்தாள். நான் பிடித்துக்கொண்டேன்.

அதே நேரம், போனில் தொப்பென்று ஒரு சத்தம். அவரும் விழுந்தார்.

அவரைப் பிடிக்க யாரும் இல்லை.

முனகல் கேட்டது.

தாளைக் கிழித்து எடுக்கும் சத்தம்.

புதுத் தாள் மாட்டும் சத்தம்.

சர்ர்... சர்ர்... சர்ர்...

தங்கை ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டாள். அங்கிருந்துதான் மேடத்தைக் கூப்பிட்டேன். மாஸ்டர் வீட்டு மாற்றுச்சாவி அவரிடம் இருந்தது. அவர் போனபோது கதவு பூட்டியே இருந்தது. உள்ளே மாஸ்டர் தரையில் கிடந்தார். மாரடைப்பு, விழுந்து வெகுநேரம் உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பக்கத்தில் தரையில், சாக்பீஸ் கோட்டில் இரண்டு பெரிய பாதங்கள் இருந்தன.

மேசை நிறைய தாள்கள். மறுநாள் கேலரியில் மேடம் அவற்றை என்னிடம் காட்டினார். முதல் தாள்களில் மாஸ்டர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். தாளுக்குத் தாள் முகம் தளர்கிறது. கடைசித் தாள்களில் தரையில் கிடக்கிறார். அவசரமில்லாத, அழகான கோடுகள்.

"தன்னைத்தானே கண்ணாடியில பாத்து வரைஞ்சிருப்பாரு," என்றார் மேடம். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

நான் நிழல் கோடுகளைப் பார்த்தேன். வலதுகைக்காரர் நிழல் போட்டால் கோடு மேலே வலப்பக்கம் சாயும். கை அப்படித்தான் வீசும். இடதுகைக்காரருக்கு மேலே இடப்பக்கம். இந்தத் தாள்களில் ஒவ்வொரு கோடும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

"மாஸ்டர் இடதுகையா, மேடம்?"

"இல்ல." தாள்களைக் கீழே வைத்தார். "அவருகிட்ட ஒரு பொண்ணு படிச்சுது. இடதுகைக்காரி. பீஸ் கட்ட முடியாம அதுக்குப் பதிலா மாடலா நின்னுது. ஸ்டூடியோவுல தனியா இருந்தப்ப மேடையிலேர்ந்து விழுந்து செத்துப் போயிடுச்சு. மாஸ்டர் வெளிய போயிருந்தாராம். திரும்பி வந்துதான் பாத்தேன்னு சொன்னாரு."

பிறகு மேடம் கடைசித் தாளை எடுத்து, அலமாரியிலிருந்து ஒரு பழைய கண்காட்சிப் புத்தகத்தை இறக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புத்தகத்தில் இருந்தது மாஸ்டரின் மிகப் பெயர்பெற்ற ஓவியம். தரையில் ஒரு பெண் தூங்குகிறாள். ஒரு கை தலைக்கு மேலே போயிருக்கிறது, முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறது. கரிப்படத்தில் மாஸ்டர் கிடந்ததும் அச்சு அசல் அப்படியே.

அந்த ஓவியத்தை நாங்கள் எல்லோரும் மாணவர்களாக இருந்தபோது நகல் எடுத்துப் பழகியிருக்கிறோம். அந்தப் பெண்ணின் உதட்டோரத்திலும் நகக்கண்ணிலும் மெல்லிய நீலம் பூசியிருப்பார். தூங்கும் முகத்துக்கு யாருக்குத் தோன்றும் அந்த நீலம், எப்பேர்ப்பட்ட கற்பனை என்று புகழாதவர்கள் இல்லை.

மேடம் அந்த நீலத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது அந்தப் பொண்ணு," என்றார். "படம் வரைஞ்ச தேதி கீழ போட்டிருக்கு பாரு. அவ செத்த நாள்."