பிள்ளைகளுக்கென்று ஒரு வார்டு

மதராசுக்கு வந்து இரண்டு வருடமாகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. இங்கே பெரிய டாக்டர் கட்டிலருகே குனிந்து, "எங்கேம்மா வலிக்குது?" என்று பிள்ளையிடமே கேட்கிறார். பிள்ளை சொல்வதை நம்பவும் செய்கிறார். நான் இந்த ஆஸ்பத்திரியில் பதிவு எழுத்தர். புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு ஒரு மூலையில் சில கட்டில்கள் இருந்தன. இப்போது தனி வார்டே திறந்துவிட்டார்கள். இலங்கையில், டயகம தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதும்போது சந்தோஷம் வரவில்லை, வயிறு எரிகிறது.

என் மகள் பார்வதியை உங்களுக்குத் தெரியும். பதின்மூன்று வயதில் அவளுக்கு முழங்காலுக்கு மேலே வீங்கியது. தோட்டத்து டிஸ்பென்சர் தைலம் கொடுத்து, "வளர்ற வயசு மாஸ்டர், அப்படித்தான் வலிக்கும்" என்றார். தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான நானும் நம்பினேன். நொண்டிக்கொண்டு வந்தவளை, மட்டம் போடப் பார்க்கிறாள் என்று வகுப்பின் முன்னால் வைதேன். வெளி ஆஸ்பத்திரிக்குப் போக தோட்டத்துத் துரையின் அனுமதித் துண்டு கிடைப்பதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. கொழும்பில் இருமும் கிழவிகளுக்கு நடுவே அவளுக்கு ஒரு கட்டில் கொடுத்தார்கள். டாக்டர் சிங்களத்தில் சொன்னதில் "பரக்குய்" என்பது மட்டும் எனக்கு விளங்கியது. தாமதமாகிவிட்டதாம்.

"நான் பொய் சொல்லலதானே அப்பா?" என்று கேட்டாள் பார்வதி.

"இல்ல கண்ணு."

அவளைத் தோட்டத்துப் பத்தாம் நம்பர் மலையிலேயே புதைத்தோம். அதன்பின் அந்த வகுப்புக்குள் நுழைய முடியவில்லை. இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துக் கப்பலேறினேன்.

போன மாதம் ஒரு தாய், மகளின் காலை எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதும், மூட்டையைக் கட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "பேரை அடிச்சிடுங்க. காலில்லாத பொண்ண யாரு கட்டுவா?"

"எம்பொண்ணு ரெண்டு காலோடதான் மண்ணுக்குள்ள போனா" என்றேன்.

அவள் மூட்டையைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு எந்த ஊருங்க?"

"டயகம."

"தஞ்சாவூர் பக்கமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை அந்தத் தாயின் மகள் ஒற்றைக் காலோடு, கக்கத்துக் கட்டைகளை ஊன்றி வீட்டுக்குப் போனாள். மாதாமாதம் வரவேண்டும், டாக்டர் குணமாகிவிடும் என்ற உறுதி எதையும் தரவில்லை. தாய் என்னைக் கும்பிட்டாள். எனக்கோ, ஒரு நொடி, அந்தச் சிறுமி உயிரோடு போவதே பொறுக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மத்தியானம் இலங்கைக்குப் போய்வர அனுமதி கேட்கும் படிவத்தை நிரப்பினேன். அங்கிருக்கும் உறவினர்: பார்வதி, மகள். விலாசம்: பத்தாம் நம்பர் மலை, டயகம. இந்தியாவில் சொந்த ஊர் கேட்ட கட்டத்தில் எழுத எதுவும் வரவில்லை. ஆஸ்பத்திரியின் பெயரை எழுதினேன்.