கறுப்புக் கயிறு கட்டிய கால்

ஐம்பது வயதில் எனக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. ஹந்தானை மலை ஏற்றத்தில் கொஞ்சம் நடந்தாலே நின்று பல்லைக் கடிப்பேன். மூட்டை மாற்ற ஒப்பரேசன் செய்வதென்று கண்டி ஆஸ்பத்திரியில் நாள் குறித்தார்கள்.

அன்று காலை வார்டுக்கு வந்த என் மனைவி, கோயிலில் மந்திரித்து வாங்கிய கறுப்புக் கயிற்றை என் வலது கணுக்காலில் கட்டினாள்.

"ஒப்பரேசன் இடது பக்கம்! உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன்.

"ஆம்பளைக்கு வலதுலதான் கட்டணும். கையில கட்டினா ஊசி போடுறப்ப அவுத்துருவாங்க. சும்மா கெடங்க."

டாக்டர் முதல் நாள் என் இடது தொடையில் பேனாவால் போட்டிருந்த அடையாளம், குளித்ததில் அழிந்து போயிருந்தது. இப்போது என் உடம்பில் இருந்த ஒரே அடையாளம் அந்தக் கயிறுதான். அதை நம்பி நல்ல காலை அறுத்துவிட்டால்?

என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது, எதிரே வந்தவர்களிடமெல்லாம் இடது கால், இடது கால் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன். தியேட்டர் வாசலில் தாதி போர்வையை விலக்கினாள். கயிற்றைப் பார்த்துத் தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டினாள்?

முதுகில் ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் இரண்டு கால்களுமே இல்லாதது போலாகிவிட்டது. டாக்டர் குனிந்து, எந்தப் பக்கம் என்று கடைசியாக ஒரு தடவை கேட்டார்.

"இடது" என்றேன். சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வருடக்கணக்காக நான் சபித்த அந்த வலி, ஒரே ஒரு தடவை சுரீரென்று குத்திச் சாட்சி சொல்லாதா என்று ஏங்கிக் கிடந்தேன்.