கரண்டு வர வேண்டாம் என்று வேண்டிய மத்தியானம்

2008 ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் வலது கை மாவு மில் பெல்ட்டில் சிக்கியது. மில்லில் என்னைத் தவிர யாரும் இல்லை.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு, காமயகவுண்டன்பட்டியில் அந்த மில்லை நான் ஒருத்தியாகவே ஓட்டிவந்தேன். மகளைத் திருப்பூரில் கொடுத்திருந்தேன். பகல் முழுவதும் இயந்திரச் சத்தம். சாயங்காலம் அதுவும் இல்லாத வீடு.

அன்று பெல்ட் என் முந்தானையை இழுத்தது. பிடுங்கப் போன கையையும் இழுத்துக்கொண்டது. “ஆத்தா கௌமாரி” என்று அலறினேன். அந்த நொடியில் கரண்டு போனது. பெல்ட் நின்றது. விரல்கள் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இறுகிக் கிடந்தன.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. வோல்டேஜ் குறைந்தால் ஸ்டார்ட்டர் தானாக விழுந்து மோட்டார் நின்றுவிடும். விழாமலிருக்க அதன் பட்டனில் குச்சி செருகி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் ஸ்டார்ட்டரிலும் குச்சி இருந்தது. கரண்டு திரும்பினால் மோட்டார் தானே ஓடும். கை முழுவதும் போய்விடும். ஸ்டார்ட்டரும் மெயின் சுவிட்சும் எட்டாத சுவரில் இருந்தன. கத்திப் பார்த்தேன். கரண்டு இல்லாத மில்லுக்கு யார் வருவார்கள்?

ஊரே கரண்டு வரட்டும் என்று காத்திருந்தது. நான் ஒருத்தி மட்டும் வர வேண்டாம் என்று அழுதேன். ‘ஆத்தா, ஒரே ஒரு ஆளை அனுப்பு.’

வரிசையில் இடம் பிடிக்கப் பாத்திரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படித்தான் மிளகாய்த் தூக்கோடு வந்தாள் தெற்குத் தெரு பேச்சியம்மாள்.

“என்ன மதினி, கரண்டு இல்லேன்னு மெஷினக் கட்டிப்பிடிச்சு ஒக்காந்திருக்கீக?”

ரத்தத்தைப் பார்த்ததும் தூக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“தொடாத பேச்சி. மொதல்ல அங்கன செவத்துல மெயினை எறக்கு.”

“கை போகுது, மெயினு என்ன மெயினு?”

“எறக்கிட்டு வா, தாயி.”

இறக்கினாள். அவள் என் பக்கம் திரும்புவதற்குள் தெருக்கோடி வீட்டு டிவி பாடத் தொடங்கியது. எங்கள் மோட்டார் அசையவில்லை.

பெல்ட்டைக் கழற்றிக் கையை எடுத்தோம். காயத்தில் காப்பித் தூள் அப்ப வந்த தெருக்காரர்களை அவள் நெருங்க விடவில்லை. துவைத்த துணியைச் சுற்றி அழுத்திப் பிடித்தபடி கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஒரு விரல் போனது. கை மிஞ்சியது.

குச்சியை எடுத்தெறிந்தேன். பெல்ட்டுக்குக் கம்பி வலை அடித்தேன். சேலைக்கு மேல் சட்டை போடாமல், துணைக்கு ஆள் இல்லாமல், மோட்டாரைப் போடுவதில்லை. தனிமை தீர்ந்தது என்று சொன்னால் பொய். சாயங்கால வீடு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் விளக்கேற்றிவிட்டு ஆத்தாளிடம் வாய்விட்டுப் பேசுகிறேன்.

ஒற்றையாக இயந்திரத்தோடு நிற்கும் சொந்தங்களே, ஆத்தாளைக் கூப்பிடுங்கள். ஆளை அனுப்புவாள். வருகிற ஆளுக்கு மெயின் எங்கே என்று இன்றே காட்டிவையுங்கள்.